சயான் இட்லி

கிரைண்டர் ஓடினால் இஸ்திரிப் பெட்டி ஓடக்கூடாது. தாராவியில், இந்த ஒற்றை அறை வீட்டில், அரசாங்கம் போட்ட சட்டத்தைக்கூட மீறிவிடலாம், முப்பிடாதி போட்ட இந்தச் சட்டத்தை மீற முடியாது. ரெண்டும் சேர்ந்து ஓடினால் ப்யூஸ் போகும், ப்யூஸ் போனால் அரைபட்டும் அரைபடாமலும் உளுந்து உரலில் நிற்கும், உளுந்து நின்றால் அன்றைக்குப் பூராவும் முப்பிடாதியின் வாய் நிற்காது. ஆகவே அவள் மகள் பிரம்மசக்தி, ஒரு கை தேய்த்து ஒரு கை தேய்க்காத வெள்ளைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, ஆறிப்போகிற இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு, சுவரோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக் காலையில், மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கண்ணாடிக் கட்டடத்தில், ஒரு பெரிய பேங்கின் ட்ரேடிங் ஃப்ளோரில், கடன் பத்திரம் வாங்கி விற்கிற டெஸ்க்கில், அவள் ரெண்டு மாசத்துக்கு இன்டர்ன். கேட்கவே எப்படி இருக்கிறது! ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருக்கிற அப்பா இதை யார் யாரிடம் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரோ, மகள் பேங்கையே விலைக்கு வாங்கப் போகிறாள் என்று சொன்னாலும் சொல்லுவார், அவர் வாய்க்கு ஏது பூட்டு. சொல்லட்டும். ஊரில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இங்கே அவள் சொன்னதுதான் இப்போது உறுத்துகிறது, ஒரே ஒரு வார்த்தை, மூன்றெழுத்து, அது என்னத்துக்கு இப்போது, விலை ஏறினால் வட்டி இறங்கும், விலை இறங்கினால் வட்டி ஏறும், அதை நினை, அதைத்தான் கேட்பார்கள், சட்டையை நினை, இந்த இடது கையில் மடிப்பு கத்தி மாதிரி விழ வேண்டும் என்று நினை.

ஆனால் நினைப்பு நாம் சொன்ன பேச்சையா கேட்கிறது? அது நேரே ஆணிக்குப் போகிறது. ஆணியில் கோட்டு தொங்குகிறது. கருநீலம். பிறந்தநாள், தீபாவளி, பொங்கல் எல்லாத்துக்கும் சேர்த்து இது ஒண்ணுதான் என்று அப்பா தைத்துக் கொடுத்தது. அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை, உறைக்கு அடியில் முடிச்சு, முடிச்சுக்கு மேலே ரப்பர் பேண்டு. பிணத்தைக்கூட இவ்வளவு பத்திரமாகக் கட்ட மாட்டார்கள். ஏனென்றால் கோட்டுக்கு நேர் கீழே மாவு டிரம். இந்த வீட்டில் எந்த ஆணிக்கு நேர் கீழேயும் மாவு டிரம்தான், அல்லது அரிசி மூட்டை, அல்லது இட்லித் தட்டு அடுக்கு. மாவு மூச்சு விடும். வெயில் காலத்தில் ரொம்பவே விடும். புளித்தும் புளிக்காமலும் ஒரு வாடை, முப்பிடாதிக்கு அது வாடையே இல்லை, மீனுக்குத் தண்ணீர் தெரியாத மாதிரி. பிரம்மசக்திக்கும் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் காலேஜ் ஏசி ரூமில், ஜன்னல் எல்லாம் அடைத்திருக்க, பக்கத்துப் பெண் மூக்கைச் சுளித்து யார் டிபன் பாக்ஸ் திறந்தது என்று கேட்டாள். யாரும் திறக்கவில்லை. பிரம்மசக்தி தன் துப்பட்டாவை மெதுவாக முகர்ந்து பார்த்தாள். அதுதான். அன்றையிலிருந்து மூக்கு வேறு ஆளுடையது ஆகிவிட்டது. ட்ரேடிங் ஃப்ளோரில் தனித்தனி ரூம் கிடையாதாம், நீள மேஜையில் தோளோடு தோள் இடிக்க வரிசையாக உட்கார வேண்டுமாம், ஒருத்தன் தும்மினால் அடுத்தவன் ஸ்கிரீன் நனையுமாம். கடவுளே, ஏசி வேறு. உறைக்குள்ளே வாடை போயிருக்குமோ? முடிச்சை அவிழ்த்து முகர்ந்து பார்க்கலாமா? அவிழ்த்தால் போகாதது போய்விடுமே. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன்.

"ஏட்டி சத்தி, மொத்தம் எத்தன பேருன்னு சொன்ன?" கிரைண்டர் சத்தத்துக்கு மேலே முப்பிடாதி கத்துகிறாள். ஒரு கை தண்ணீர் தெளிக்கிறது, மறு கை உரல் ஓரத்தை வழித்து உள்ளே தள்ளுகிறது. கல் சுற்றுகிறது, கை அதன் பாட்டுக்குப் போய்ப் போய் வருகிறது, ஒரு நாள்கூட நசுங்கியது கிடையாது. "பன்னெண்டு பேரும்மா." "ஆம்பளைங்க எத்தன?" "அது எதுக்கு?" "ஆம்பளைய கூட ரெண்டு திம்பான்லா?" "கோட்டும் டையும் போட்டவங்க ரெண்டுக்கு மேல திங்க மாட்டாங்கம்மா." "அதெல்லாம் வேற இட்லிய தின்னு பழகுனவனுக்கு. நம்ம இட்லிக்கு எவன் ரெண்டோட நிப்பான், நிக்கச் சொல்லு பாப்போம்." சிரிக்கிறாள். இன்றைக்கு அவளுக்கு ரெண்டு ஈடு. வாடிக்கைக்கு அரைக்கிறது தினப்படி ஈடு, அது முடிந்துவிட்டது. இது மகள் நாளைக்குக் கொண்டுபோகிற ஆபீஸ் ஈடு. ஆபீஸ் ஈட்டுக்குத் தனியா அரிசி, தனியா உளுந்து, உளுந்தைக் கடைக்காரன் முன்னாடியே வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் வாங்கினாளாம். ஊற வைக்கிறபோதே சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து எடுத்தாள். அந்த உளுந்து இப்போது பொங்கிப் பொங்கி உரலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. பிரம்மசக்திக்குப் பார்க்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்க்கிறாள்.

விஷயம் இவ்வளவுதான். போன வாரம் வீடியோவில் எல்லாரையும் அறிமுகப்படுத்தி வைத்தார்கள். டெஸ்க்கின் பெரிய மேடம் வசுதா. பேரைக் கேட்டதும் தமிழ் என்று தெரிந்து இங்கிலீஷை நிறுத்திவிட்டு, "அட, நம்மளவாளா! நான் மாட்டுங்கா. நீ எங்கேம்மா?" என்றாள். நேரான கேள்வி. தெரு நாய்க்குக்கூடப் பதில் தெரியும். பிரம்மசக்தியின் வாய், அதுபாட்டுக்கு, யாரையும் கேட்காமல், சயான் என்று சொல்லிவிட்டது. தாராவிக்குப் பக்கத்தில்தான் சயான். ரோடு தாண்டினால் சயான். பஸ் கண்டக்டரே சில நேரம் ரெண்டுக்கும் ஒரே டிக்கெட் கிழிப்பான். ஆனாலும் தாராவி தாராவி, ஃப்ளாட்டுக்காரர்கள் இருக்கிற சயான் சயான், அதை இந்தப் பம்பாயில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். வசுதா மேடம் கையைத் தட்டினாள். "சயானா, பலே! எங்க டெஸ்க்ல ஒரு வழக்கம் இருக்கு. புதுசா வர்றவா முதல் நாள் காலம்பற டிபன் கொண்டு வரணும், அவா அவா ஏரியா டிபன். போன வருஷம் கொலாபாவுலேர்ந்து ஒரு பையன் கறி வச்ச கீமா பாவ் கொண்டு வந்தான், நான் பட்டினி. சயான்னா இட்லிதானே? பார்க்கலாம், சயான் இட்லி எப்படி இருக்குன்னு." எல்லாரும் சிரித்தார்கள். பிரம்மசக்தியும் சிரித்தாள். அன்றைக்கே அம்மாவிடம் டிபன் கதையை மட்டும் சொன்னாள், சயான் கதையைச் சொல்லவில்லை. ஏன் சொன்னாள் அதையாவது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? முப்பிடாதிக்குத் தலைகால் புரியவில்லை, மகளுடைய பேங்க் தன் இட்லியைத் தின்னப் போகிறது. காலேஜ் கூட்டாளி தன்வி, வேறொரு பேங்கில் இதே வேலைக்குப் போகிறவள், போனில் ஒரே போடாகப் போட்டாள்: சயான் என்று சொல்லியாகிவிட்டது, இனி பிசகாதே, வீட்டு இட்லி என்றால் யார் போட்டது, எந்தத் தெரு என்று கேள்வி வரும், விடிந்ததும் பக்கத்து மாட்டுங்காவில் அந்தப் பெரிய ஓட்டலுக்குப் போ, சயான்காரர்கள் எல்லாம் அங்கேதான் வாங்குவார்கள், பெட்டி பெட்டியாக வாங்கு, ஓட்டல் பேர் போட்ட பெட்டியோடு உள்ளே போ, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அம்மா போட்ட இட்லியை? அதை வழியில் யாருக்காவது கொடுத்துவிடு. வழியில் யாருக்காவது. கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைக் கேட்டிருக்கிறோம், கொல்லன் மகளே ஊசியைக் கடையில் வாங்கிக்கொண்டு போனதைக் கேட்டிருக்கிறோமா?

சயான் சொன்னது வெட்கத்தால் அல்ல என்று பிரம்மசக்தி ஒரு வாரமாகத் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறாள். வக்கீல் நல்ல வக்கீல். தாராவி என்று சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா, என்கிறான் வக்கீல். ஐயோ பாவம் என்பார்கள், இல்லாவிட்டால் ஆஹா என்பார்கள், ரெண்டில் ஒன்று, மூன்றாவது கிடையாது. இன்டர்ன்ஷிப் கிடைத்த அன்றைக்கே காலேஜில் போட்டோ எடுக்க வந்தார்களே, குடிசையிலிருந்து கோபுரத்துக்கு என்று தலைப்பு வைக்கிறோம், உங்கள் வீட்டு வாசலில் நின்று எடுக்கலாமா, அம்மா இட்லிச் சட்டியோடு பக்கத்தில் நிற்கட்டும் என்றார்களே. தள்ளிப் போங்கள் என்று சொல்லிவிட்டாள் அவள். குடிசையாம். உள்ளே வந்து பார்த்தால் தெரியும், சிமெண்டு, இரும்பு ஏணி, மேலே பரண், எல்லாம் அப்பா கட்டினது. அதற்கும் முன்னால், அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது, வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர் கைடோடு இந்தச் சந்துக்குள் வந்தார்கள், மிருகக்காட்சி சாலை பார்க்க வருகிற மாதிரி. அதில் ஒருத்தி குனிந்து முப்பிடாதியின் மாவுக் கையைப் போட்டோ எடுத்தாள். முகத்தை இல்லை, கையை மட்டும். பிரம்மசக்தி உள்ளே போய் அப்பாவின் போனை எடுத்துவந்து அந்த வெள்ளைக்காரியின் மூக்குக்கு நேரே நீட்டிப் படக் படக் என்று எடுத்தாள். அவள் பதறிப் போய் முகத்தை மூடிக்கொண்டாள். ஏன் மூடுகிறாய், இப்போது மட்டும் ஏன் மூடுகிறாய்? சந்தே கை தட்டியது. அப்படிப்பட்டவள் வெட்கத்தாலா சொல்லுவாள், என்று வக்கீல் கையை விரிக்கிறான். யாருக்கும் நான் காட்சிப் பொருள் இல்லை, அதனால்தான் சயான். கேஸ் முடிந்தது. முடிந்ததா? அப்படியானால் துப்பட்டாவை முகர்ந்தது யார்? பிளாஸ்டிக் உறைக்கு ரப்பர் பேண்டு போட்டது யார், வெள்ளைக்காரியா? மூணு வருஷமாகத் தன்வியை ஒரு தரம்கூட வீட்டுக்குக் கூப்பிடாமல், வீடு பெயிண்ட் அடிக்கிறார்கள் வீடு பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று எத்தனை தரம் பெயிண்ட் அடித்தாய் சத்தி, தாஜ்மஹாலுக்குக்கூட அவ்வளவு பெயிண்ட் ஆகாதே. வெட்கம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. கொஞ்சம் அதுவும் உண்டு, கொஞ்சம் இதுவும் உண்டு, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அது என்ன உளுந்தும் அரிசியுமா. உளுந்தையும் அரிசியையுமே அரைத்துக் கலந்துவிட்டால் பிரிக்க முடியாதே.

கிரைண்டர் சத்தம் மாறுகிறது. உளுந்தை வழித்து எடுத்துவிட்டு அரிசியைப் போட்டுவிட்டாள் முப்பிடாதி. இனி கரகரவென்று ஓடும். அரிசி முடிந்தால் கிரைண்டர் நிற்கும், கிரைண்டர் நின்றால் சட்டையைத் தேய்க்கலாம், தேய்த்து முடித்தால் படுக்கலாம், படுத்தால் விடியும், விடிந்தால் மாட்டுங்கா. இவ்வளவு லேசா ஒரு துரோகம் செய்வது? ரெண்டு விலை சொல்லிப் பழகு, என்று அவள் மூளையை வேறு பக்கம் திருப்புகிறாள். அந்தத் தொழிலுக்கு அதுதான் அரிச்சுவடி. ஒருத்தன் விலை கேட்டால் ரெண்டு விலை சொல்ல வேண்டும், இதற்கு வாங்குவேன், இதற்கு விற்பேன். கேட்கிறவன் வாங்க வந்தானா விற்க வந்தானா என்று முதலிலேயே கேட்கக் கூடாது. புதுசா வருகிறவர்களைச் சோதிக்க எதை வேண்டுமானாலும் கேட்பார்கள், இந்த ரூமில் எத்தனை பல்பு, உன் ஷூவின் எடை என்ன, சொல்லு, ரெண்டு விலை சொல்லு. ஷூவுக்குச் சொல்லலாம். கோட்டுக்குச் சொல்லலாம். அம்மாவின் இந்த ஆபீஸ் ஈட்டுக்கு என்ன விலை சொல்லுவாய்? இதற்கு வாங்குவேன் என்று சொல்ல வாய் வரும். இதற்கு விற்பேன் என்று? அதைத்தானே நாளைக்குச் செய்யப் போகிறாய், வழியில் யாருக்காவது. தூ. அன்றைக்கு வீடியோவில் வசுதா மேடம் இதைத்தான் நடத்திக் காட்டினாள், நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள், குரலில் கண்டிப்பு உண்டு. "சொன்ன விலைக்கு எதிராளி டன், சம்மதம்னு சொல்லிட்டான்னா முடிஞ்சுது, அழுதாலும் புரண்டாலும் மாறாது. ஆனா தப்பு விலை சொல்லிட்டோம்னு தெரிஞ்சா, அவன் டன் சொல்றதுக்குள்ள, ஆஃப், அந்த விலை இனிமே இல்லேன்னு சொல்லிடணும். சத்தமா. முனகப்படாது. ஏன் எதுக்குன்னு காரணம் சொல்லப்படாது, காரணம் கேக்க இங்கே எவனுக்கும் நேரமில்லே. ஆஃப். உடனே புது விலை. அதுல மானக்கேடு ஒண்ணும் கிடையாது. தப்பு விலையைப் பிடிச்சுண்டு தொங்கறான் பாரு, அவன்தான் முட்டாள்."

பிரம்மசக்தியின் கை சட்டைப் பொத்தானில் நின்றுவிட்டது. சயான் என்று நான் சொன்னேன். அதற்கு அவள் என்ன சொன்னாள்? பலே என்றாள். வழக்கம் என்றாள். கீமா பாவ் என்றாள். இட்லிதானே என்றாள். பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம்! டன் சொல்லவில்லையே! இன்னும் டெஸ்க்கில் யாரும் அந்த இட்லியை ஒரு விள்ளல் பிட்டு வாயில் போடவில்லையே. நாளைக்கு ஓட்டல் பெட்டியைத் திறந்து வைத்து, ஒருத்தர் எடுத்துக் கடித்து, நன்றாக இருக்கிறது சயான் இட்லி என்று சொன்னால்தான் டன். அதுக்கப்புறம் அழுதாலும் புரண்டாலும் கிடையாது, ரெண்டு மாசமும் சயான், வேலை கிடைத்தால் ஆயுசு முழுக்க சயான், கல்யாணப் பத்திரிகையில்கூட சயான். இன்றைக்கு மட்டும்தான் அது தொங்கிக்கொண்டிருக்கிற விலை. அதோடு காரணம் சொல்லக் கூடாதாம். காரணம் சொல்லக் கூடாது! ஒரு வாரமாக வக்கீல் வைத்து மண்டையை உடைத்துக்கொண்டாளே, வெட்கமா வீம்பா, வீம்பா வெட்கமா என்று. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஐயோ பாவத்துக்கும் இடம் இல்லை, ஆஹாவுக்கும் இடம் இல்லை. வக்கீலே, எழுந்து வீட்டுக்குப் போ. ஆனால் மேடத்துக்குக் கோபம் வந்தால்? ஆரம்பத்திலேயே பொய் சொன்ன பெண்ணை டெஸ்க்கில் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தால்? நினைக்கலாம். நினைக்க அவளுக்கு உரிமை உண்டு. போகட்டுமே. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. ஓட்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதைவிட இது மேல். ஞாயிற்றுக்கிழமை, பெரிய மனுஷி, போன் செய்யலாமா என்று மூளை கேட்பதற்குள், போன வாரம் மேடம் கொடுத்த நம்பரை விரல் அழுத்திவிட்டது. போன வாரம் சயான் என்று சொன்ன வாய் மாதிரியே விரலும் யாரையும் கேட்கவில்லை. பழிக்குப் பழி.

"யாரு?" பின்னால் குக்கர் விசில். "பிரம்மசக்தி, மேடம். நாளைக்கு ஜாயின் பண்ற இன்டர்ன்." கிரைண்டருக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்துகிறாள். "என்னம்மா, என்ன இரைச்சல் அங்கே? வரலையா நாளைக்கு?" "வரேன் மேடம். ஆஃப்!" "என்னது?" "போன வாரம் சயான்னு சொன்னேன்ல. அது ஆஃப்." அந்தப் பக்கம் குக்கர் வாயை மூடிக்கொண்டது. இந்தப் பக்கம் அரிசி முடிந்து, முப்பிடாதி சுவிட்சை அணைத்துவிட்டாள், வீட்டில் திடீரென்று ஊசி விழுந்தால் கேட்கும். பிரம்மசக்தி குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டும் என்று தோன்றியது, தாழ்த்தவில்லை. "புது விலை என்ன?" என்று கேட்டாள் வசுதா மேடம், நிதானமாக. "தாராவி மேடம். நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம். நாளைக்கு வர்ற இட்லி எங்க அம்மா போடுறது. எங்க வீட்டுத் தொழிலே அதுதான்." "அப்போ எதுக்கும்மா சயான்னு..." "காரணம் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் மேடம் சொன்னீங்க." சொன்ன பிறகுதான் தெரிகிறது, எவ்வளவு பெரிய வாய். போச்சு, எல்லாம் போச்சு. மேடம் சிரித்தாளா, பல்லைக் கடித்தாளா, போனில் எப்படித் தெரியும். "சரி. டன்," என்றாள். "சட்னியைத் தனியாக் கட்டிண்டு வா. கீபோர்டுல கொட்டித்துன்னா நீதான் தொடைக்கணும்." போன் வைத்துவிட்டாள்.

முழங்கை வரைக்கும் மாவாக முப்பிடாதி நின்றுகொண்டிருக்கிறாள். மாவு ஒரு விரலிலிருந்து தரையில் சொட்டுகிறது, அவள் பார்க்கவில்லை. "சயான்லயா இருக்கோம்னு சொன்ன?" "ஆமா." "ஏன்?" டெஸ்க்குக்குக் காரணம் சொல்ல வேண்டாம். இது டெஸ்க் இல்லை. பிரம்மசக்தி எழுந்து நிற்கிறாள், உட்கார்ந்துகொண்டு சொல்லுகிற விஷயம் இல்லை இது. "வெக்கமா இருந்துச்சும்மா." முப்பிடாதி திட்டினால் நன்றாக இருக்கும். அடித்தால்கூட நன்றாக இருக்கும். அவள் திரும்பி, அரிசி மாவை உளுந்து அண்டாவுக்குள் வழித்துப் போட்டு, உப்பை அள்ளிப் போட்டு, அடியோடு கையை விட்டுக் கலக்க ஆரம்பித்தாள். கலக்கிக்கொண்டே கேட்டாள், "அப்பம் இந்த இட்லிய என்ன செய்யணும்னு இருந்த?" "மாட்டுங்கா ஓட்டல்ல வாங்கிட்டுப் போலாம்னு..." கை நின்றது. "அந்த ஓட்டல்லயா?" "ம்." "சவத்து மூதி! அவன் மாவு பொங்கதுக்குச் சோடாப்பு போடுதான்டி! சோடாப்பு போட்ட இட்லிய முப்பிடாதி மவ தூக்கிட்டுப் போவாளா? வெக்கமாம் வெக்கம்! வெக்கப்பட்டத பொறுத்துக்கிடுதேன், எனக்குந்தான் இந்த ஊருக்கு வந்த புதுசுல இந்தி பேச வெக்கமா இருந்துச்சு. சோடாப்பு இட்லிய எப்பிடிட்டி பொறுக்கது?" கண்ணில் தண்ணீர் நிற்கிறது, கோபத்தில் நிற்கிறதா வேறு எதிலா, துடைக்கக் கை இல்லை, ரெண்டு கையும் மாவு. பிரம்மசக்தி போய்த் தன் துப்பட்டா முனையால் துடைத்துவிட்டாள். "போ, போ, சட்டையத் தேயி. கெரைண்டர் நின்னுட்டுல்லா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் முப்பிடாதி.

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் சொருகினாள் பிரம்மசக்தி. சூடாகட்டும். அதற்குள் ஆணிக்குப் போய், ரப்பர் பேண்டைப் பிய்த்து, முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையை உருவிச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். கருநீலக் கோட்டு, புதிதாகக் கலக்கிய மாவுக்கு நேர் மேலே, காற்றாட நின்றது. "ஏட்டி கோட்டிக்காரி, புத்தி கெட்டுப் போச்சா, ராவெல்லாம் மாவு பொங்கும். கோட்டுல வாடை புடிச்சிரும்," என்றாள் அம்மா.

"புடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, சட்டையின் இடது கையை விரித்துப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.